களிமண் தரையில் ஏன் சிலரே மீண்டும் மீண்டும் வெல்கிறார்கள்?

பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸில் ரஃபேல் நடால் வென்ற ஆட்டங்கள் 112, தோற்றவை நான்கே. 2005 முதல் 2022 வரை 14 முறை இறுதி ஆட்டத்துக்கு வந்தார், பதினான்கிலும் பட்டம் வென்றார். மற்ற களிமண் போட்டிகளிலும் இதே கதைதான்: பார்சிலோனாவில் 12, மான்டி கார்லோவில் 11, ரோமில் 10 பட்டங்கள். விம்பிள்டன் புல்தரையில் ஆண்கள் ஒற்றையரில் அதிகம் வென்ற ரோஜர் ஃபெடரரின் கணக்கு எட்டோடு நிற்கிறது. நடால் மட்டும் விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கிறிஸ் எவர்ட் 1973க்கும் 1979க்கும் இடையே களிமண்ணில் தொடர்ந்து 125 ஆட்டங்களை வென்றார்; பிரெஞ்சு ஓப்பனில் ஏழு பட்டங்கள் அவருடையவை. ஸ்வீடனின் பியோன் போர்க்கும் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃபும் ஆளுக்கு ஆறு. போலந்தின் இகா ஸ்வியாடெக் 2020 முதல் 2024 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை வென்றார். இத்தனை பேருடைய ஆதிக்கத்துக்கும் காரணம் தரையிலேயே இருக்கிறது. இரண்டு வீரர்களுக்கு இடையே உண்மையில் எவ்வளவு வித்தியாசம் உண்டோ, அதை ஒளிவுமறைவின்றிக் காட்டும் தரை களிமண்தான்.

பெயர்தான் களிமண், நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, ஓரிரு மில்லிமீட்டர் அளவே தூவப்பட்ட செங்கல் தூள். அதன் கீழே சுண்ணாம்புக்கல், நிலக்கரிக் கசடு, சரளைக்கல் என்று அடுக்குகள் இருக்கின்றன. பந்து இந்தத் தரையில் படும்போது உராய்வு அதிகம். அதனால் வேகம் குறைந்து, உயரமாக எழும்புகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போடும் சர்வீஸ், புல்தரையில் எதிராளி அசைவதற்குள் கடந்துவிடும். களிமண்ணில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்தான் என்றாலும், பந்தைத் திருப்பி அடிக்க அது போதும். ஒரே அடியில் புள்ளி வாங்கும் குறுக்குவழி இங்கே அடைபடுகிறது. பத்து, இருபது அடிகள் நீளும் பரிமாற்றத்தில் சறுக்கிக்கொண்டே சமநிலையைக் காக்க வேண்டும், எதிராளியை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், எப்போது தாக்குவது என்று பொறுமையாகக் கணிக்க வேண்டும். கால், மூச்சு, மனம் எல்லாமே சோதிக்கப்படுவதால், கொஞ்சம் மேலான வீரருக்குத் தன் மேன்மையைக் காட்ட ஒவ்வொரு புள்ளியிலும் வாய்ப்பு இருக்கிறது. ஐந்து செட்களில் அந்தச் சிறு சிறு அனுகூலங்கள் சேர்ந்து பெரிய இடைவெளியாகிவிடுகின்றன.

பெரும் வீரர்கள் இங்கே தடுமாறிய கதைகளும் இதையே உறுதிசெய்கின்றன. 14 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்ற பீட் சாம்ப்ரஸ், சர்வீஸ் போட்டவுடன் வலையை நோக்கிப் பாயும் ஆட்டத்துக்குப் பேர்போனவர். பாரிஸில் அவரால் அரையிறுதியைத் தாண்ட முடியவில்லை, அதுவும் 1996இல் ஒரே ஒரு முறை. அதே பாணி கொண்ட ஜான் மெக்கன்ரோ, 1984 இறுதி ஆட்டத்தில் முதல் இரண்டு செட்களையும் வென்ற பிறகு இவான் லெண்டலிடம் தோற்றார். தரையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2012இல் மாட்ரிட் போட்டியின் அமைப்பாளர்கள் சிவப்புக்குப் பதிலாக நீலக் களிமண்ணைப் போட்டார்கள். கால் வழுக்கியது, நடாலும் ஜோகோவிச்சும் வெளிப்படையாக எதிர்த்தார்கள், முன்கூட்டியே தோற்று வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே சிவப்பு திரும்பி வந்தது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1990 முதல் 2004 வரையிலான 15 ஆண்டுகளில் பிரெஞ்சு ஓப்பன் ஆண்கள் பட்டத்தை 11 பேர் வென்றார்கள். அதே காலத்தில் விம்பிள்டனை வென்றவர்கள் எட்டே பேர். களிமண் உண்மையான மேன்மையைக் காட்டுமென்றால், அப்போது ஏன் இத்தனை பேர்? விடை அன்றைய போட்டியாளர்களிடம் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் சிறு வயது முதல் களிமண்ணிலேயே பழகிய ஒரு தலைமுறை அப்போது ஒன்றாகத் திரண்டிருந்தது. புருகேரா, மோயா, கோஸ்டா, ஃபெரேரோ, காவ்டியோ எல்லோரும் ஏறத்தாழச் சம பலம் கொண்டவர்கள். அதனால் பட்டமும் பலர் கைக்குப் போனது. இல்லாத வித்தியாசத்தை எந்தத் தரையும் காட்டாது. அவர்களிடையே சற்று உயர்ந்து நின்ற பிரேசிலின் குஸ்தாவோ குயெர்டன் மூன்று முறை வென்றார். எல்லோரையும் விட வெகுவாக மேலான ஒருவர் 2005இல் வந்ததும் கதையே மாறிவிட்டது.

களிமண்ணின் சாம்பியன்கள் அந்த மண்ணுக்கு மட்டுமே லாயக்கானவர்கள் என்பது இன்னொரு குறை. சிலருக்கு இது பொருந்தும். மிகப் பெரியவர்களுக்குப் பொருந்தாது. போர்க் 1978, 1979, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளும் பாரிஸை வென்ற சில வாரங்களில் விம்பிள்டனையும் வென்றார். நடாலின் 22 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் எட்டு மற்ற தரைகளில் கிடைத்தவை. மெதுவான ஆட்டம் சலிப்பூட்டும் என்பவர்களுக்கு 2025 இறுதி ஆட்டமே பதில். முதல் இரண்டு செட்களை இழந்த கார்லோஸ் அல்கராஸ், யானிக் சின்னரின் கையில் பட்டத்துக்கான மூன்று புள்ளிகள் இருந்தபோதும் அவற்றைத் தடுத்து, 5 மணி 29 நிமிடங்களில் வென்றார். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக நீண்ட இறுதி ஆட்டம் அது. சலிப்பு தட்டவே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியையும் இருவரும் உழைத்தே வாங்க வேண்டியிருந்தது.

ஆண்கள் டென்னிஸில் கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையில் உள்ள ஒன்பது மாஸ்டர்ஸ் போட்டிகளில் மான்டி கார்லோ, மாட்ரிட், ரோம் ஆகிய மூன்றே களிமண்ணில் நடக்கின்றன. மற்ற ஆறும் கடினத் தரையில். வேகமான ஆட்டமே விற்கும் என்று நினைக்கும் காலத்தில் இந்த மூன்றும் குறைந்துவிடக் கூடாது. சர்வீஸின் பலத்தால் மறைந்துபோகும் குறைகளை வெளியே கொண்டுவரும் தேர்வு ஆண்டில் இரண்டு மாதங்களாவது இருந்தால்தான், ஒருவரை முழுமையான டென்னிஸ் வீரர் என்று நாம் நம்பிச் சொல்ல முடியும்.