சப்ரகமுவை வழிச் சிவனொளிபாத யாத்திரை

யாத்திரை என்னும் வடசொல் ‘செல்லுதல்’ என்னும் பொருளையே முதற்கண் உணர்த்துவது. சென்றடைந்த தலத்திற் செய்யும் வழிபாடு அச்சொல்லின்மேற் பின்னர் ஏறிய பொருளாகும். இக்காலத்து யாத்திரிகருட் பெரும்பாலார்க்கோ தலம் ஒன்றே கருத்தில் நிற்கின்றது. செல்லும் வழி, கூடிய விரைவிற் கழிக்கப்பட வேண்டிய ஓர் இடையூறாகிவிட்டது. இம்மாற்றத்தின் பயனாக நம் நாட்டிற் கைவிடப்பட்டு வரும் பழைய நடைவழிகளுள் ஒன்றனைக் குறித்து ஈண்டு ஆராய்வாம். இரத்தினபுரியினின்றும் கிலிமலை, பலாபத்தலை என்னும் ஊர்களைக் கடந்து சிவனொளிபாதத்தை அடையும் வழியே அஃது. றக்வானை, பெல்மதுளைப் பகுதித் தோட்டங்களில் வாழும் தமிழர்க்கு அம்மலை அயலிடம் அன்று. அவர்தம் மாவட்டத்தின் எல்லையிலேயே நிற்பது.

சிவனொளிபாதம் 2243 மீற்றர், அஃதாவது 7359 அடி உயரமுடையது. இரத்தினபுரி, நுவரெலியா ஆகிய இரு மாவட்டங்களும் சந்திக்கும் இடத்தில், சூழவுள்ள மலைகளினின்றும் தனித்துக் கூம்பி எழுவது. மார்கழியை ஒட்டிய பூரணையிலே தொடங்கி வைகாசிப் பூரணையோடு முடிவதே யாத்திரைக் காலம். ஏனைய மாதங்களில் மழையும் காற்றும் உச்சியை மனிதர்க்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஏறும் வழிகளுள் மூன்று சிறந்தன. ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியிலிருந்து ஏறுவது ஒன்று. குருவிற்றையிலிருந்து எறத்னை வழியாகச் செல்வது மற்றொன்று. மூன்றாவது நாம் எடுத்துக்கொண்ட இரத்தினபுரி வழி.

மலையின் பெயரைச் சிறிது நோக்குவது பயனுடைத்து. சிங்கள மக்கள் இதனை ஸ்ரீபாதம் என்றும், அதன் காவற்றெய்வமாகிய சமன் பெயரால் சமனல மலை என்றும் வழங்குவர். மணிமேகலை இதனைச் ‘சமனொளி’ எனக் குறிப்பதோடு, அதனை வலம்வந்து மீளும் அறவோரையும் பேசுகின்றது. தமிழ்க் காப்பியத்திற் சமனொளி என நின்ற பெயருக்கும், சைவர் நாவிற் சிவனொளி என வழங்கும் பெயருக்கும் உள்ள நெருக்கம் கற்றாரை மகிழ்விக்கத் தக்கது. ஒன்று மற்றொன்றன் திரிபே எனத் துணிந்து கூற யான் முற்படேன். எனினும் இவ்வொற்றுமையைத் தற்செயல் எனத் தள்ளிவிடவும் மனம் ஒருப்படவில்லை. தேவாரம் பெற்ற ஈழத் தலங்கள் திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் ஆகிய இரண்டே. சிவனொளிபாதத்துக்குப் பதிகம் இல்லை. ஓதுவதற்கு ஒரு பதிகம் இல்லாத தலத்துக்குச் சைவர் தலைமுறை தலைமுறையாக நடந்தே சென்றனர் என்பது நினைக்கத் தக்கது.

இவ்வழி பழமையானது என்பதற்குக் கிலிமலை என்னும் ஊரே சான்று. பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விசயபாகு, யாத்திரிகர்க்கு வேண்டுவன வழங்குதற்பொருட்டு இவ்வூரை மானியமாக விட்டான் என மகாவம்சம் கூறும். அம்பகமுவைக் கல்வெட்டும் அம்மன்னன் யாத்திரிகர்க்குச் செய்த அறங்களைக் குறிக்கின்றது. சோழரை வென்று நாட்டை மீட்ட அவ்வரசன், போரால் நலிந்த நாட்டைச் சீர்செய்யும் வேலைகளுக்கிடையே மலைவழி நடப்போரின் உணவைப் பற்றியும் எண்ணினான். பிற்காலத்து மன்னருள் நிசங்கமல்லன் மலைக்குச் சென்றதும், இரண்டாம் பராக்கிரமபாகு காலத்து அமைச்சனாகிய தேவபதிராசன் வழியிலே பாலங்கள் அமைத்ததும் அறியப்பட்டவை.

எனினும் இவ்வழிகளைப் பற்றிய சுவைமிக்க செய்தியை நமக்கு வைத்துச் சென்றவர் மொறோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபின் பதூதா ஆவர். 1344ஆம் ஆண்டில் அவர் மேற்குக் கரையில் வந்திறங்கியபோது, யாழ்ப்பாண அரசனாகிய ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றுப் பல்லக்கு அளித்தான். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமப்பார் பதினைவரையும் உடன் அனுப்பினான். ஓர் இசுலாமியர், தம் ஆதி பிதாவின் அடிச்சுவட்டைக் காணச் செல்கின்றார்; அவருக்கு வழிகாட்டுவோர் அதே சுவட்டை வேறு பெயரால் வணங்கும் யோகியர்; அனுப்புபவனோ சைவ மன்னன். இதனைக் குறித்து வியந்தவர் அக்காலத்து எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

மலையேறும் வழிகள் இரண்டு என்றும், அவை பாபா வழி, மாமா வழி என வழங்கின என்றும் அவர் எழுதுகின்றார். முன்னையது ஆதாமுக்கும் பின்னையது ஏவாளுக்கும் உரியனவாகக் கருதப்பட்டன. மாமா வழி எளியது. யாத்திரிகர் திரும்பும்போது அதனாலே இறங்குவர். ஆனால் அவ்வெளிய வழியால் ஏறினவன் யாத்திரை செய்தவனாகவே கருதப்படான். பாபா வழியோ செங்குத்தானது. பாறையில் இரும்புச் சங்கிலிகள் பத்துப் பொருத்தப்பட்டிருந்தன. அக்கடுவழி இன்றைய இரத்தினபுரிப் பக்கத்து வழியே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அக்கொள்கை இன்னும் முற்றாக அழிந்திலது. கடினமான வழியால் ஏறியவர் பிறரை நோக்கும் நோக்கிலே அதனைக் காணலாம்.

சைவர்க்கு இம்மலையொடு உள்ள தொடர்பில் முக்கியமானதொரு காலம் சீதாவாக்கை அரசனாகிய முதலாம் இராசசிங்கன் (1581–1593) காலம். தந்தையைக் கொன்ற பழியை நீக்கும் வழி யாதெனப் பௌத்த குருமாரை வினவ, அஃது இயலாதென அவர் கூறினமையால் அவன் சைவனாகி மலையை ஆண்டிகளிடம் ஒப்புவித்தான் என்பது வமிச நூல் கூறும் வரலாறு. அந்நூல் அவனுக்கு மாறான சமயத்தார் எழுதியது என்பதை மறத்தலாகாது. காரணம் எதுவாயினும், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் மலையுச்சியின் காவலும் காணிக்கையும் சைவ ஆண்டிகள் கையில் இருந்தன. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனே (1747–1782) அதனை மீண்டும் பௌத்த சங்கத்தாரிடம் அளித்தான்.

அவ்வாண்டிகளின் நினைவு இவ்வழியில் ஓரிடத்தின் பெயராக நிலைத்துள்ளது. உச்சியை நெருங்கும் பகுதியில் ‘ஆண்டியாமலதென்ன’ என ஒரு மேட்டுச் சமதரை உண்டு. தமிழர் இப்பெயரைக் கேட்டவுடன் ஆண்டி மலை எனப் பிரித்து மகிழ்வர். ‘மல’ என்பது சிங்களத்தில் ‘இறந்த’ எனப் பொருள்படும். ஆண்டி இறந்த சமதரை என்பதே அதன் பொருள். குளிரிலோ பசியிலோ அங்கே மாண்ட ஒருவன், ஊரும் பேரும் அறியப்படாதவன், அவ்வளவில் நிலைபெற்றான்.

இனி, வழியின் இயல்பைச் சிறிது கூறுவாம். பண்டு இரத்தினபுரி நகரிலேயே நடை தொடங்கும். சமன் தேவாலயத்தில் வணங்கி, களுகங்கைக் கரையோரமாக வயல்களையும் தோட்டங்களையும் கடந்து முதல் நாள் கிலிமலையையோ பலாபத்தலையையோ அடைவர். இன்று பேருந்து பலாபத்தலை வரையிற் செல்கின்றமையால் அப்பகுதியை எவரும் நடப்பதில்லை. பலாபத்தலைக்கு மேலே காடு. நீலி என்னும் பெண் வீழ்ந்திறந்தாள் எனக் கதை வழங்கும் நீலிஹெல என்னும் செங்குத்தில் நின்று அவள் பெயரைக் கூவுவார்க்கு எதிரொலி விடை தரும். சீதகங்குலை என்னும் குளிர்ந்த ஆற்றில் நீராடித் தூய ஆடை உடுத்த பின்னரே மேற்செல்லுதல் மரபு. எஹெலகனுவ, ஹெரமிற்றிப்பான முதலிய தங்குமிடங்கள் அடுத்து வரும். பின்னைய இடத்தின் பெயர் யாத்திரிகரின் ஊன்றுகோலைக் குறிப்பது. அதன்மேல் மகாகிரிதம்பம் என்னும் கடைசி ஏற்றம். அங்கே சங்கிலி இன்றும் உண்டு.

முதன்முறை வருவாரைச் சிங்கள மக்கள் ‘கோடுக்காரர்’ என அழைப்பர். அவர்க்கெனச் சில நியமங்கள் உண்டு. குழுவை நடத்தும் முதியவர் ‘நடே குரா’ எனப்படுவார். எதிர்ப்படும் குழுவினர் ஒருவர்க்கொருவர் ‘கருணாவை’ என வாழ்த்துரைக்க, தமிழர் ‘அரோகரா’ என்பர். இருளிலே மேலிருந்து ஒரு குரலும் கீழிருந்து ஒரு குரலும் இவ்வாறு சந்திப்பதைக் கேட்டவர், ஈருரையும் ஒரே உரையின் இரு பாதிகள் என்றே எண்ணுவர். இன்னும் எவ்வளவு தூரம் என வினவுதல் தகாது என்பது மற்றொரு நியமம். மூச்சு வாங்கும்போது இந்நியமத்தின் அருமையை எவரும் போற்றுவதில்லை என்பதை யான் அநுபவத்தால் அறிவேன்.

இவ்வழி கைவிடப்பட்ட காரணம் வெளிப்படை. 1884ஆம் ஆண்டில் புகையிரதம் ஹற்றனை எட்டியது. தேயிலைத் தோட்டங்களுக்கென வகுத்த வீதிகள் மலையடிவரை நீண்டன. நல்லதண்ணி 1200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து ஏறுவார்க்கு எஞ்சியது ஏறத்தாழ 1000 மீற்றரே. இரத்தினபுரியிலிருந்து புறப்படுவாரோ 2000 மீற்றருக்கு மேல் ஏறுதல் வேண்டும். ஓர் இரவிற் சென்று மறுநாள் வீடு திரும்ப இயலுமாயின் மூன்று நாள் நடப்பார் யார்? இதனைச் சோம்பல் எனப் பழித்தல் எளிது, ஆனால் நீதியன்று. தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் வராமை ஒரு நாட் ‘பேர்’ இழப்பதாகும். மூன்று நாட் பேரை இழந்து நடப்பது செல்வர்க்கு விரதம். அவர்க்கோ அடுத்த மாதத்துக் கடன். நல்லதண்ணி என்னும் ஊர்ப்பெயரே தமிழ்ப்பெயர் என்பதையும் நோக்குக. தென்னிந்தியாவிலிருந்து வந்து, காடழித்துத் தேயிலை நட்டு, அவ்வெளிய வழிக்கு வேண்டிய வீதியை வெட்டியோரும் அம்மக்களே. பாபா வழியின் பெருமையைப் பேசும் நாம் மாமா வழியை அமைத்தோர் யாவர் என்பதை மறவாதிருத்தல் நன்று.

பிறநாட்டு நடைவழி ஒன்று இங்கே ஒப்பு நோக்கத்தக்கது. பிரான்சு தேசத்து லெ புய் நகரிலிருந்து, ஸ்பெயினிலுள்ள சந்தியாகு தலத்துக்குச் செல்லும் கிறித்தவ யாத்திரை வழி அது. அந்நகர் ஆயராகிய கொடெஸ்கால்க் 950ஆம் ஆண்டிற் புறப்பட்டமை அதன் தொடக்க வரலாறுகளுள் ஒன்று. பிரனீசு மலையடிவரை ஏறத்தாழ 750 கிலோமீற்றர், பெரும்பாலும் சிற்றூர்களினூடே. ஒப்ராக் என்னும் மேட்டுநிலத்தில் மூடுபனியில் வழிதவறினார்க்கென மடத்து மணியை ஒலிப்பித்தனர். நமது கிலிமலை மானியத்தின் உடன்பிறப்பு எனலாம். சமயப் போர்களாலும் புரட்சியாலும் அவ்வழி சில நூற்றாண்டுகள் தூர்ந்து கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் அதனைத் திரும்ப நடக்கலாயினர். 1987இல் ஐரோப்பிய மன்றம் சந்தியாகு வழிகளைப் பண்பாட்டு வழியாகப் பிரகடனம் செய்தது. 1998இல் பிரான்சிலுள்ள பகுதிகள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. இன்று, இளைஞர் வெளியேறிய அச்சிற்றூர்கள் பலவற்றில் ஒரு வெதுப்பகமும் ஒரு தங்குமடமும் திறந்திருப்பது நடந்து வருவோராலேயே.

நமது மலைக்காடும் 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் பகுதியாக அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டதே. ஆனால் அங்குக் காக்கப்படுவன மரமும் விலங்கும். கிலிமலைக்கும் பலாபத்தலைக்கும் இடைப்பட்ட பழைய அடிவழியை அது குறிக்கவில்லை. நடப்பார் இல்லாத வழியில் அம்பலங்களும் தேநீர்க் கடைகளும் நிலைக்க மாட்டா. கடை இல்லாத வழியில் முதியோரும் குழந்தைகளும் நடக்கத் துணியார். இவ்விரு குறையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஒரு பருவத்தில் சில நூறு பேர் நகரிலிருந்தே நடப்பாராயினும் இச்சுழல் மறுபுறம் திரும்பும் என்பது என் துணிபு. கல்லூரி மாணவர்க்குப் பேர் இழக்கும் அச்சம் இல்லை. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

றக்வானைப் பகுதியார்க்கு நடைவழி இரத்தினபுரிக்கும் முன்னரே தொடங்குகின்றது. பருவம் அல்லாத மாதங்களிற் சமன் தெய்வத்தின் திருவுருவம் பெல்மதுளை கல்பொத்தாவெலை விகாரையில் வைக்கப்பட்டிருக்கும். மார்கழிப் பூரணைக்கு முன் அஃது ஊர்வலமாகப் புறப்படும். வைகாசி முடியத் திரும்பி வரும். மாதம்பைச் சந்தி வழியாக வரும் தோட்டத்துக் குழுவினர் பெல்மதுளையில் அவ்வூர்வலத்தைக் கண்டு, அதன் பின்னே இரத்தினபுரி வரை நடந்து, அங்கிருந்து கிலிமலைக்குத் திரும்பலாம்.

உச்சியில் மணியொன்று உண்டு; எத்தனை முறை ஏறினரோ அத்தனை முறை அதனை ஒலிப்பித்தல் வழக்கம். விடியுமுன் சென்று சேர்தல் நன்று. ஞாயிறு எழுந்த சில நொடிகளில் மலையின் நிழல் கூரிய முக்கோணமாக மேற்றிசையில் வீழும். அந்நிழலின் கீழே பனிமூடிக் கிடப்பது சப்ரகமுவை. நடந்து வந்தவர்க்குத் தாம் முன்னாட் கடந்த ஆற்று வளைவு எது எனச் சுட்டிக்காட்டவும் கூடும்.