படிப்படியாய்க் கணக்குச் செய்தல்

கணிதம் கடினமான பாடமென்று மாணாக்கர் பலர் அஞ்சுவது யாவரும் அறிந்ததே. ஆராயுங்கால், அவர்களைத் தடுமாறச் செய்வது கூட்டலும் பெருக்கலும் அல்ல. எதனை முன்னர்ச் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்னும் முறையை அறியாமையே என்பது புலனாகும்.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனஞ் செய்தனர். எண்பதில் ஒரு பங்காகிய காணியும், முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியும் சிறுவர் நாவில் பயின்றன. ஆயினும் வாய்பாடு கருவியே. அக்கருவியை எவ்விடத்து எடுப்பது என்பதை அது கூறாது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள், கணக்குகளைச் செய்யும் வழியையே செய்யுட்களால் உணர்த்தின.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு தக்காளி விளைச்சலுக்குப் பேர்பெற்றது. அவ்வூர் மண்டியை மனத்திற்கொண்டு ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். ஒரு குடியானவர் பெட்டிக்கு 30 கிலோவாக 8 பெட்டிகள் கொணர்கிறார். ஒரு பெட்டி 350 ரூபாய்க்கு விலைபோகிறது. விற்ற தொகையில் தரகு நூற்றுக்குப் பத்து. வண்டிக்கூலி பெட்டிக்கு 15 ரூபாய். கிலோ ஒன்றுக்கு அவர் கையில் நிற்பது யாது?

முதற்படி, விற்ற தொகை: 8 × 350 = 2,800 ரூபாய்.
இரண்டாம்படி, தரகு: 2,800-இல் பத்திலொன்று 280 ரூபாய், நீக்க எஞ்சுவது 2,520 ரூபாய்.
மூன்றாம்படி, வண்டிக்கூலி: 8 × 15 = 120 ரூபாய்; நீக்க எஞ்சுவது 2,400 ரூபாய்.
நான்காம்படி, மொத்த எடை: 8 × 30 = 240 கிலோ.
ஐந்தாம்படி, 2,400-ஐ 240-ஆல் வகுக்க, கிலோவுக்கு 10 ரூபாய்.

விடையைச் சோதிக்க, வந்த வழியே திரும்புக. 240 × 10 = 2,400; இதனோடு 120-ஐக் கூட்ட 2,520; மேலும் 280-ஐக் கூட்ட 2,800. புறப்பட்ட தொகையே வந்தமையின் விடை சரியாம்.

படிகளை முறைமாற்றின் என்னாகும்? வண்டிக்கூலியை முதலிற் கழித்தால் 2,680 ரூபாய் எஞ்சும். அதற்குத் தரகு 268 ரூபாயே. 12 ரூபாய் குறைந்ததன் காரணம் யாதெனில், தரகு விற்ற தொகை முழுவதற்கும் உரியதாயிருக்க, கூலியாகிய 120 ரூபாய்க்கு அதனைக் கணக்கிடாது விட்டமையே. அந்த 120-இன் பத்திலொன்றே இந்த 12.

பெட்டியின் விலையை மாத்திரம் நோக்கினால் கிலோவுக்கு ஏறக்குறைய 11 ரூபாய் 67 பைசா கிடைத்ததாகத் தோன்றும். விளைவித்த செலவு கிலோவுக்கு 11 ரூபாயாயின், லாபமென்று எண்ணிய அவ்வியாபாரத்தில் உண்மையில் 240 ரூபாய் நஷ்டமாம். இதனைக் காட்டுவது கடைசி விடை மட்டுமன்று, இடையிலுள்ள படிகளே.

ஆகையால் மாணாக்கர் ஒவ்வொரு தொகையின் அருகிலும் அஃது இன்னதென்று எழுதிப் பழகுவாராக. விடை பிழைத்தாலும், பிழைத்த இடம் கண்ணுக்குப் புலப்படும். தந்தையார் மண்டியிலிருந்து கொணரும் சீட்டைப் படிப்படியாய்ச் சரிபார்க்கவல்ல பிள்ளை கற்ற கணக்கே குடும்பத்திற்குப் பயன்படுங் கணக்காகும்.