கறுப்புப் பட்டியலை எந்தளவுக்கு நம்பலாம்?

மாணவர்களே, ‘ஸ்பாம் எனப்படும் வேண்டாத மின்னஞ்சல் எவ்வாறு தடுக்கப்படுகின்றது?’ என்று வினவினால், உங்களிற் பலர் ‘கடிதத்திலுள்ள சொற்களைப் பார்த்து’ என மட்டும் எழுதுகிறீர்கள். அது பாதி விடையே. கடிதத்தை ஏற்கும் முன்னரே, அதை அனுப்பும் கணினியைப் பற்றி விசாரிக்கும் முறையும் உண்டு.

செயற்படும் முறை

ஸ்பாம் அனுப்பும் கணினிகளின் ஐ.பி. முகவரிகளைச் சில நிறுவனங்கள் திரட்டிப் பொதுப் பட்டியலாகப் பேணுகின்றன. இதுவே கறுப்புப் பட்டியல். 1998 இல் ஆரம்பிக்கப்பட்ட ஸ்பாம்ஹவுஸ் இதற்கு உதாரணமாகும்.

192.0.2.25 என்னும் முகவரியிலிருந்து கடிதம் வருகின்றது எனக் கொள்வோம். பெறும் சேவையகம் எண்களின் வரிசையைத் தலைகீழாக்கி 25.2.0.192 என எழுதி, பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, ஆள்களப் பெயர் முறைமையிடம் கேட்கும். 127.0.0.2 போன்ற விடை கிடைத்தால் அம்முகவரி பட்டியலில் உள்ளது. ‘அப்பெயர் இல்லை’ எனக் கிடைத்தால் பட்டியலில் இல்லை.

நன்மை: ஓரிடத்தில் அகப்பட்ட முகவரியைப் பற்றி எல்லோரும் உடனே அறியலாம். கடிதம் முழுவதையும் பெற்றுச் சோதிக்கும் வேலையும் மிச்சம்.

குறை: ஒரே சேவையகத்தைப் பலர் பயன்படுத்துவர். ஒருவர் ஸ்பாம் அனுப்பினாலும் ஏனையோரின் நல்ல கடிதங்கள் மறுக்கப்படலாம்.

ஓர் உண்மைச் சம்பவம்

ஓ.ஆர்.டி.பி. என்னும் பட்டியல் 2006 டிசெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் பல சேவையகங்கள் அதனிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது, எந்த முகவரியைக் கேட்டாலும் ‘உள்ளது’ என விடையளிக்கத் தொடங்கியது. அதை அப்படியே நம்பிய சேவையகங்கள் நல்ல கடிதங்களையும் மறுத்தன. பட்டியல் மூடப்பட்டு ஓராண்டுக்கு மேலாகியும் அதை நீக்காமல் விட்ட பொறுப்பாளர்களுக்கும் இத்தவறில் பங்குண்டு அல்லவா?

ஆகவே கறுப்புப் பட்டியல் ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு அன்று. ஸ்பாம்அசாசின் என்னும் மென்பொருள் இவ்வாறே இயங்குகின்றது. பட்டியல், தலைப்பு, உள்ளடக்கம் ஆகியவற்றைச் சோதித்துப் புள்ளியிடும். மாற்றியமைக்காதவிடத்து, மொத்தம் 5 புள்ளிகளை எட்டினாலே ஸ்பாம் எனக் குறிக்கும்.

நினைவிற் கொள்க: பரீட்சையில் நன்மை, குறை இரண்டையும் எழுதுக. நாளை நேர்முகப் பரீட்சைக் கடிதமொன்றை எதிர்பார்த்திருக்கும்போது, ஸ்பாம் கோப்புறையையும் ஒருதரம் திறந்து பாருங்கள். வடிகட்டியும் தவறக்கூடியதே.