தானே திறக்கும் கதவும் தூத்துக்குடி உப்புக் காற்றும்

பொத்தானை அழுத்தியதும் கதவு திறக்கிறது. கார் உள்ளே போனதும் கதவு தானே மூடிக்கொள்கிறது. காரில் இருந்தவர் கீழே இறங்கவில்லை. கதவைத் தொடவும் இல்லை!

ஒரு காலத்தில் இந்த அதிசயம் அலிபாபா கதையில்தான் நடந்தது. இன்று தூத்துக்குடியில் பல வீடுகளின் வாசலில் நடக்கிறது.

ஆனால் இந்த ஊரில் அந்தக் கதவுகளுக்கு ஓர் எதிரி உண்டு. அது திருடன் அல்ல, உப்பு!

வாழவைக்கும் உப்பு

தூத்துக்குடி என்றால் முன்பெல்லாம் முத்துதான் நினைவுக்கு வரும். அந்தக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ம் ஆண்டில். அதன்பின் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது.

உப்பு நிற்கவில்லை. இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத் மாநிலம் முதல் இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் உப்பு நிறைய விளைகிறது. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது.

ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் அதே உப்பு, வீட்டு வாசலில் நிற்கும் இரும்புக் கதவைத் தின்றுவிடுகிறது!

இரும்பை எப்படித் தின்கிறது?

கடல் அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகள் காற்றில் கலக்கின்றன. தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. உப்பு மட்டும் காற்றோடு ஊருக்குள் வருகிறது. கதவிலும், ஜன்னல் கம்பியிலும், மோட்டார் பெட்டியிலும் படிகிறது.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அது ஈரத்தை உறிஞ்சி நீராகிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் கசிவதைப் பெண்கள் பார்த்திருப்பார்கள். கதவின் மீது நடப்பதும் அதேதான்.

மழையே பெய்யாவிட்டாலும் கடலோரத்துக் கதவு இரவெல்லாம் உப்புநீரில் நனைகிறது! நல்ல தண்ணீரைவிட உப்புநீரில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும்.

உலோகங்கள் அரிபடுவதையும் ஆராயும் ஒரு நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். 1948-ம் ஆண்டில் நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் இந்த நிலையத்துக்கு மையங்கள் உண்டு. துரு என்பது சின்ன விஷயம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

கப்பலுக்கு ஒரு காவலன்

துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் இரும்பால் ஆனவைதானே? அவை எப்படித் தப்புகின்றன?

கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். கடல்நீர் முதலில் துத்தநாகத்தைத்தான் அரிக்கும். இரும்பு பிழைத்துக்கொள்ளும். தன்னைக் கொடுத்துப் பிறரைக் காப்பாற்றும் தியாகி என்று துத்தநாகத்தைச் சொல்லலாம்!

வீட்டுக் கதவுக்கும் இதே வழி உதவும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்து எடுத்த இரும்பைக் கால்வனைஸ் செய்த இரும்பு என்கிறார்கள். கடலோர வீடுகளுக்கு இது நல்லது. ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். அந்த இடத்தில் துத்தநாகம் கலந்த பிரைமரைப் பூசவேண்டும்.

வெறும் இரும்புக் கதவாக இருந்தால், துரு தெரிந்த உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பின் பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயிண்ட் அடிக்கவேண்டும். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது புண்ணை ஆற்றாமல் துணியைச் சுற்றுவது போல ஆகும்.

எந்திரம் எப்படி வேலை செய்கிறது?

தானே திறக்கும் கதவு புதுமை அல்ல. சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஈரோன் என்ற அறிஞர் இருந்தார். பலிபீடத்தில் நெருப்பு மூட்டினால் கோவில் கதவு தானே திறக்கும் அமைப்பை அவர் எழுதிவைத்தார். சூடான காற்று தண்ணீரைத் தள்ளும். தண்ணீரின் பாரம் கயிற்றை இழுக்கும். கதவு திறக்கும்!

இன்று அந்த வேலையை மின்சார மோட்டார் செய்கிறது.

வீட்டுக் கதவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தண்டவாளத்தில் பக்கவாட்டில் ஓடும் கதவு. மற்றொன்று, கீலில் சுழன்று திறக்கும் இரட்டைக் கதவு.

ஓடும் கதவின் அடியில் நீளமான பல் பட்டை இருக்கும். மோட்டாரின் பல் சக்கரம் அதில் சிக்கிச் சுழலும். கதவு ஓடும். சுழலும் கதவில் மோட்டார் ஒரு கையைப் போல நீண்டும் சுருங்கியும் கதவைத் தள்ளும், இழுக்கும்.

கதவு எங்கே நிற்கவேண்டும் என்பதைச் சொல்ல லிமிட் சுவிட்ச் இருக்கிறது. குறுக்கே ஆள் வந்தால் கண்டுபிடிக்க, இரண்டு பக்கமும் சென்சார் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி பாயும். அந்த ஒளி தடைபட்டால் மூடும் கதவு நிற்கும், அல்லது திரும்பிப் போகும்.

கதவு அசையவில்லையா?

உடனே மெக்கானிக்கைக் கூப்பிட ஓடவேண்டாம். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். மோட்டாரில் ஒரு சாவித் துளை இருக்கும். அதில் சாவியைப் போட்டுத் திருப்பினால் மோட்டாரின் பிடி விலகும். பிறகு கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

கையால் தள்ளவே கஷ்டமாக இருந்தால் குற்றம் கதவில் இருக்கிறது. சக்கரம் தேய்ந்திருக்கும். தண்டவாளத்தில் மணலோ கல்லோ இருக்கும். கீல் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

கையால் தள்ளும்போது சுலபமாக ஓடி, மோட்டார் மட்டும் இழுக்காவிட்டால் குற்றம் மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த ஒரு சோதனையால் பாதி வேலை முடிந்துவிடும்!

சுவரில் உள்ள பொத்தானுக்குத் திறந்து, ரிமோட்டுக்குத் திறக்காவிட்டால், ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

திறந்த கதவு மூட மறுத்தால் சென்சாரைப் பாருங்கள். அதன் கண்ணாடியில் உப்பும் தூசியும் படிந்திருக்கலாம். சிலந்தி வலை கட்டியிருக்கலாம். செடியின் கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கலாம். மெல்லிய துணியால் துடைத்தாலே பல நேரங்களில் கதவு மூடிவிடும்.

மோட்டார் பெட்டிக்குள் எறும்பு புற்று வைப்பதும், பல்லி புகுந்து சர்க்யூட் போர்டில் அடிபட்டுச் சாவதும் உண்டு. வயர் நுழையும் துளையை அடைத்துவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. உப்புக் காற்றும் உள்ளே போகாது.

ஆனால் பெட்டியைத் திறந்து போர்டைத் தொடுவது எலக்ட்ரீஷியன் வேலை. மெயினை அணைத்தாலும் உள்ளே பேட்டரியும் மின்தேக்கியும் இருக்கும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் வாசல். அதனால் கதவு மோட்டாருக்கு எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

கழுவும் தண்ணீரும் உப்பா?

கடலோரத்துக் கதவுக்குச் சிறந்த மருந்து தண்ணீர்தான். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தால் படிந்த உப்பு போய்விடும்.

ஆனால் தூத்துக்குடியில் பல வீடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பாக இருக்கிறது. அதை ஊற்றிக் கழுவினால் உப்பைப் போக்க உப்பைப் பூசியதாக ஆகும்! தாமிரபரணியிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும். குழாயை வைத்து மோட்டார் மேல் பீய்ச்சி அடிக்கக்கூடாது.

பாக்ஸ் பைப்பில் செய்த கதவுக்குள் தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். அடியில் சிறு துளை போட்டுவைத்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

தண்டவாளத்தில் எண்ணெயோ கிரீசோ போடக்கூடாது. மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். தினமும் பெருக்கினால் போதும். கிரீஸ் கீலுக்குத்தான்.

பல் சக்கரத்துக்கும் பல் பட்டைக்கும் நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். அடிச் சக்கரம் தேயத் தேயக் கதவு தாழும். இடைவெளி மறைந்தால் கதவின் பாரம் முழுவதும் மோட்டாரின் தலையில் இறங்கும். பிறகு மோட்டார் பிழைக்காது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தகடு போட்டு முழுவதும் அடைத்த சுழலும் கதவு அந்தக் காற்றில் பாய்மரம் போல ஆகிவிடும். மோட்டார் திணறும். தகட்டுக்குப் பதில் கம்பி இடைவெளி விட்ட கதவாக இருந்தால் காற்று புகுந்து போய்விடும்.

குழந்தைகள் ஜாக்கிரதை!

துருவால் பணம் போகும். அஜாக்கிரதையால் உயிர் போகும்.

2010-ம் ஆண்டில் பிரிட்டனில் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு சிறுமிகள் மின்சாரக் கதவில் சிக்கி இறந்தார்கள். ஒரு குழந்தைக்கு வயது 6. மற்றொரு குழந்தைக்கு வயது 5. நாடே பதறியது. இந்தக் கதவுகளின் பாதுகாப்பைப் பற்றி அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தார்கள்.

கதவு மூடவில்லை என்றால் சென்சார் வயரை ஒன்றோடு ஒன்று முறுக்கிவிட்டு, "இனிமேல் ஓடும்" என்று சொல்கிற ரிப்பேர்காரர்கள் உண்டு. கதவு ஓடும். ஆனால் அதற்குக் கண் போய்விட்டது! குறுக்கே குழந்தை நின்றாலும் அதற்குத் தெரியாது.

கதவு இறுகிவிட்டது என்று மோட்டாரின் தள்ளும் விசையைக் கூட்டி வைப்பதும் இதே போன்ற ஆபத்து. ஏன் இறுகியது என்று பார்த்துச் சரிசெய்வதே முறை.

ஓடும் கதவில் 300 கிலோ, 400 கிலோ எடையுள்ளவையும் உண்டு. கடைசியில் தடுத்து நிறுத்தும் இரும்புக் கட்டை துருப்பிடித்து விழுந்துவிட்டால், கதவு பிடியை விட்டு ஓடி ஆள் மேல் சாயும். மேலே பிடித்திருக்கும் உருளைகளையும், இந்தத் தடுப்புக் கட்டையையும் மாதம் ஒரு முறை தட்டிப் பார்க்கவேண்டும்.

அன்றே மற்றொரு சோதனையும் செய்யலாம். கதவு மூடும்போது ஒரு கட்டையை நீட்டிச் சென்சாரின் ஒளியை மறையுங்கள். கதவு நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அது சரியாகும் வரை மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் திறந்து மூடுவதே நல்லது.

கதவில் ஏறி ஊஞ்சல் ஆடக்கூடாது, ரிமோட் விளையாட்டுச் சாமான் அல்ல என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

வெள்ளம் வந்தால்?

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரின் பல தெருக்கள் தண்ணீரில் மூழ்கின. மின்சாரம் நின்றது.

அப்படிப்பட்ட நேரத்தில் தானே திறக்கும் கதவு தானே திறக்காது. மோட்டாரின் பிடி கதவை விடாது. வீட்டில் இருப்பவர்கள் உள்ளேயே அகப்பட்டுக்கொள்வார்கள்.

அப்போது உயிர் காப்பது அந்தச் சிறிய சாவிதான்!

பல வீடுகளில் அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வெளியூர் போயிருந்தால் என்ன ஆகும்? சாவி இருக்கும் இடம் பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரியவேண்டும். எப்படித் திருப்புவது என்று ஒவ்வொருவரும் ஒரு முறை செய்து பார்க்கவேண்டும்.

தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை, வெள்ளம் வடிந்ததும் சுவிட்ச் போட்டுப் பார்க்கக்கூடாது. எலக்ட்ரீஷியன் திறந்து, காயவைத்து, சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும். புதிதாகப் பொருத்துகிறவர்கள், சென்ற வெள்ளத்தின் அளவைப் பார்த்து மோட்டாருக்கு உயரமான சிமெண்ட் மேடை கட்டிக்கொள்ளலாம்.

மின்சாரம் இல்லாதபோது உதவும் பேட்டரியும் சாகாவரம் பெற்றது அல்ல. மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியிலேயே, மெயினை அணைத்துவிட்டுக் கதவு பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்த்துவிடவேண்டும்.

வாரம் ஒரு துணி, மாதம் ஒரு சோதனை, வருஷம் ஒரு பெயிண்ட். இவ்வளவுதான் செலவு.

இன்று மாலையே உங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "கதவுச் சாவி எங்கே இருக்கிறது?"

எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டினால், அது ஜாக்கிரதையான குடும்பம்!