முருகன் வாசலும் மாஸ்டரின் கேள்வியும்
முதுமையில் எம்மைத் தாங்குவது நம்பிக்கையா, ஆராய்ச்சியா?

இலண்டன் ஹோல்போர்ன் நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ரெட் லயன் சதுக்கம் வரும். அதன் மரநிழலில் பேர்ட்ரண்ட் ரஸலின் வெண்கலத் தலைச்சிலை ஒன்று 1980 முதல் நிற்கிறது. சதுக்கத்தின் ஓரத்தில் இருப்பது கொன்வே மண்டபம். 1929 இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் மதஞ்சாராச் சிந்தனையாளர்கள் கூடிப் பேசும் இடமாகப் புகழ்பெற்றது. கடந்த வசந்தகாலத்தில் எண்பத்திரண்டு வயதான ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை அங்கே அழைத்துச் சென்றோம். அவரை இங்கு மாஸ்டர் என்றே குறிப்பிடுவோம். ஈஸ்ட் ஹாமிலுள்ள எம்மவர்களும் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

சிலையின் முன் மாஸ்டர் நெடுநேரம் நின்றார். பின்னர், ஊன்றுகோலில் சாய்ந்தபடி, "தம்பி, இந்த மனிசன் எண்பத்தொன்பது வயசில மறியலுக்குப் போனவர். நான் எண்பத்திரண்டில குளியலறைக்குப் போகப் பயப்பிடுறன்" என்றார்.

அவர் கூறியது உண்மை. 1872 இல் பிறந்த ரஸல், அணுகுண்டுக்கு எதிரான போராட்டத்துக்காக 1961 செப்டெம்பரில் பிரிக்ஸ்டன் சிறையில் ஒரு வாரம் அடைக்கப்பட்டார். தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்பதை விளக்கிய அவரது பெயர்பெற்ற உரை, 1927 மார்ச் 6 அன்று இதே நகரின் பற்றர்சி நகர மண்டபத்தில் நிகழ்ந்தது. 1970 இல் தமது தொண்ணூற்றேழாவது வயதில் மறையும்வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கடவுளை நம்பாத ஒருவரை இத்துணைக் காலம் நிமிர்த்தி வைத்தது எது என்பதே மாஸ்டரின் மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. அதற்குப் பின்னணியாக ஒரு வீட்டுக் கதை உண்டு. அவரது அனுமதியுடன் அதனை இங்கு எழுதுகிறோம்.

மாஸ்டர் இளைஞராகக் கொழும்பில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் கலாநிதி ஆபிரகாம் கோவூரின் கூட்டங்களுக்குத் தவறாமல் சென்றவர். கோவூரை எமது மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1898 இல் கேரளத்துத் திருவல்லாவில் மார்த்தோமாத் திருச்சபையின் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தவர் அவர். அங்கு வேதாகம பாடமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாகவும், மாணவர்கள் சிறப்பாகச் சித்தியடைந்தபோதிலும் மறுவருடம் அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. பெறுபேறு நன்று, ஆனால் பிள்ளைகளின் விசுவாசம் போய்விட்டது என்று அதிபர் காரணம் சொன்னாராம்.

கோவூரின் பெயரை உலகறியச் செய்த பணிகள் யாவும் 1959 இல் அவர் ஓய்வுபெற்ற பின்னரே தொடங்கின என்பது இங்கு கவனத்திற்குரியது. பலர் சாய்மனைக் கதிரையை நாடும் அறுபதாவது வயதைக் கடந்தபின், பேய்வீடுகளையும் சாமியாடிகளையும் தேடித் தேடிச் சென்று ஆராய்ந்தார். ஏமாற்றுக்கு இடமற்ற நிலைமையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறிவித்தார். அப்பணத்தை எவரும் வெல்லவில்லை. எழுபது வயதுக்குப் பின்னரும் இந்தியா முழுவதும் சுற்றுப்பயணம் செய்து உரையாற்றினார். 1978 செப்டெம்பரில் கொழும்பில் மறைந்தபோது, அவரது விருப்பப்படி கண்கள் கண்வங்கிக்கும் உடல் மருத்துவக் கல்விக்கும் வழங்கப்பட்டன. எலும்புக்கூடு, அவர் இறுதியாகக் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு உரியதாயிற்று. ஓர் ஆசிரியர் இறந்தபின்பும் வகுப்பறையை விட்டு நீங்கவில்லை.

இத்தகைய ஒருவரை ஆதர்சமாகக் கொண்ட மாஸ்டருக்கு வாய்த்த துணைவியாரோ தீவிர முருக பக்தை. ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அவர் பூசையறையை அமைப்பதும், இவர் அதைக் கடந்து செல்லும்போது ஏதாவது கிண்டலாகச் சொல்வதும் வழமையாகிவிட்டிருந்தது. அந்த அம்மையாருக்கு எழுபத்தெட்டு வயது. பல ஆண்டுகளாக நீரிழிவுக்குக் குளிசை எடுத்துவருபவர்.

சென்ற ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் வந்தது. மூன்றாம் நாள் காலை அம்மையார் குசினியில் மயங்கி விழுந்தார். வியர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது. மாஸ்டர் நடுங்கும் கைகளால் அம்புலன்சுக்கு அழைத்தார். வந்தவர்கள் இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கியிருப்பதைக் கண்டு உடனே சிகிச்சையளித்தனர். உணவை நிறுத்திய அம்மையார் குளிசையை நிறுத்தவில்லை. சீனியைக் குறைக்கும் சில வகைக் குளிசைகள், வயிற்றில் உணவில்லாதபோதும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதுவே நடந்தது.

அவர் கண்விழித்ததும் மாஸ்டர் கேட்ட முதற் கேள்வி: "உம்மட முருகன் எங்கை போனவர்?"

அம்மையார் இரண்டு நாட்கள் அவருடன் பேசவில்லை. மூன்றாம் நாள் நீரிழிவுத் தாதி வந்து, விரதம் இருக்கப்போவதை முன்கூட்டியே ஏன் எவரிடமும் கூறவில்லை, கூறியிருந்தால் மருந்தின் அளவை மாற்றியிருக்கலாமே என்று வினவினார். அதற்கு அம்மையார் அளித்த மறுமொழி மாஸ்டரை இன்றும் உறங்கவிடாமல் செய்கிறது. "சொன்னால் இவர் சிரிப்பார்" என்றார் அவர்.

எம்மிடம் இதைச் சொல்லும்போது மாஸ்டரின் குரல் தழுதழுத்தது. கோவூர், பேய் பிடித்ததாகக் கூறப்பட்ட வீடுகளுக்குச் சென்றபோது முதலில் செய்தது அங்குள்ளவர்களின் கதையைக் கேட்டதே. அந்த வீட்டில் மனம் நொந்த ஒருவர் இருக்கிறாரா என்றே அவர் தேடினார். தாமோ ஐம்பது ஆண்டுகளாகக் கேலி செய்துவந்தாரேயன்றி, தமது வீட்டில் ஒருபோதும் ஆராயவில்லை என்பதை மாஸ்டர் அன்றுதான் உணர்ந்தார். பகுத்தறிவு ஏளனமாகத் திரிந்ததால் உண்மை மறைக்கப்பட்டது. மறைக்கப்பட்ட உண்மை ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்தது.

அவ்வாறாயின் நம்பிக்கைதான் வென்றது எனலாமா? அவ்வளவு எளிதில் முடிவுகட்ட முடியாது. ரஸல் பிறந்த அதே 1872 இல், பிரான்சிஸ் கோல்ற்றன் என்பார் பிரார்த்தனையின் பலனைப் புள்ளிவிபரத்தால் ஆராய முற்பட்டார். நாடு முழுவதும் மன்னரின் நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்திக்கிறது. ஆயினும் வசதிபடைத்த வகுப்பினரில் குறைந்த ஆயுளுடையோர் மன்னர்களே என்று அவர் காட்டினார். அமெரிக்காவில் ஆறு வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சைக்கு உள்ளான 1,802 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2006 இல் வெளியாயிற்று. தமக்காகப் பிறர் பிரார்த்திக்கிறார்களா இல்லையா என்பதை அறியாதிருந்தோரில், பிரார்த்திக்கப்பட்டவர்களுக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்திருந்தோரிடமோ சிக்கல்கள் சற்று அதிகமாகவே இருந்தன.

எனினும், விஞ்ஞானத்தின் பெயரால் பேசுவோர் யாவரும் எப்போதும் சரியென்றும் கொள்ளலாகாது. அதே கோல்ற்றன்தான் மனிதரைப் பிறப்பால் தரம்பிரிக்கும் கொடிய கொள்கைக்கு 1883 இல் பெயர் சூட்டியவர். ஆராய்ச்சியையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும்.

வழிபாட்டுத் தலங்களுக்கு ஒழுங்காகச் செல்லும் முதியவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று கூறும் ஆய்வுகளும் உள்ளன. நடக்க இயலாத நோயாளி கோயிலுக்குப் போகமாட்டார் என்பதால் இம்முடிவுகளைக் கவனமாகவே நோக்கவேண்டும். ஆயினும் கோயிலுக்குப் போகும் ஒரு முதியவர் உடலால் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். குறித்த நேரத்துக்கு எழும்புகிறார், குளிக்கிறார், பஸ் தரிப்பிடம்வரை நடக்கிறார், வீதி வலம் வருகிறார், நிலத்தில் அமர்ந்து எழுகிறார், நான்கு பேருடன் தம் மொழியில் பேசுகிறார். பிரித்தானியத் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலும், இரு நாட்களாயினும் தசைவலுவும் சமநிலையும் தரும் பயிற்சிகளிலும் ஈடுபடவேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. அந்த வழிகாட்டலை வாசித்தறியாத அம்மையார் அதன் பெரும்பகுதியை ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலில் நிறைவேற்றிக்கொண்டிருந்தார். அதனை வாசித்திருந்த மாஸ்டர் புத்தகங்களிடையே கதிரையில் அமர்ந்திருந்தார். கடந்த தையில் படியில் தடுக்கி விழுந்தவரும் அவர்தான்.

விம்பிள்டன் பிள்ளையார் கோயில் 1981 இலும், ஹைகேற் முருகன் கோயில் 1986 இலும் உருவானபோது, அவை தெய்வத்துக்கென்றே எழுப்பப்பட்டன. ஆனால் மொழி தெரியாத நகரில், பகல் முழுவதும் பூட்டிய வீட்டுக்குள் இருந்த எமது தாய் தந்தையருக்கு வெளியே செல்ல ஒரு காரணத்தையும் அவை கொடுத்தன. மதஞ்சாராதோர் தமது முதியவர்களுக்கு அத்தகைய ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறார்களா என்பதை எம்மைநாமே கேட்டுக்கொள்வது நன்று.

வரலாறும் இதனையே சுட்டுகிறது. பெரியார் ஈ.வெ.ரா. தமது தொண்ணூற்றுநான்காவது வயதில், கடும் உடல் உபாதையுடன், 1973 டிசெம்பர் 19 அன்று சென்னை தியாகராயநகரில் இறுதி உரையாற்றினார். ஐந்தாம் நாள் மறைந்தார். அன்னி பெசன்ற் இதே இலண்டனில் நாத்திக மேடைகளில் முழங்கியவர். 1889 இல் பிரம்மஞானத்துக்கு மாறி, 1933 இல் அடையாற்றில் எண்பத்தைந்து வயதில் மறைந்தார். ஒருவர் மறுத்தார், மற்றவர் நம்பினார். தம்மைவிடப் பெரிய ஒரு பணி அதிகாலையில் தம்மை எழுப்பக் காத்திருந்தது என்பதே இருவருக்கும் பொதுவானது.

எனவே, வரும் விரத காலத்துக்கு முன்னர் எமது குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உள. தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். ஆகவே விரதம் பிடிக்க எண்ணும் முதியவர் எந்தக் குளிசை எடுக்கிறார் என்பதைக் குடும்பத்தவர் அறிந்திருத்தல் வேண்டும். வைத்தியரையோ தாதியையோ சில வாரங்களுக்கு முன்பே கலந்துகொள்ளவேண்டும்; தாமாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எமது நிறத் தோலுக்கு இந்நாட்டு வெயில் போதாது என்பதால், நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி வருடம் முழுவதும் எடுப்பதைக் கருத்திற்கொள்ளுமாறு தேசிய சுகாதார சேவை ஆலோசனை கூறுகிறது. இவை அனைத்திலும் முதன்மையானது, முதியவர் சொல்வதைச் சிரிக்காமல் கேட்பது.

அம்மையார் கோயிற் குருக்களிடம் சென்று நடந்ததைக் கூறினார். நோயாளரும் முதியோரும் உணவருந்தியே விரதத்தை அனுட்டிக்கலாம், அதற்கு மரபிலேயே இடமுண்டு என்று குருக்கள் கூறிவிட்டார். இவ்வாண்டு அவர் தாதியிடம் கேட்டு, நேரத்துக்கு உண்டு, விரதம் இருக்கத் தீர்மானித்துள்ளார்.

மாஸ்டரோ கடவுளை நம்பத் தொடங்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் துணைவியாருடன் கோயில்வரை நடந்து செல்கிறார். அவர் உள்ளே போக, இவர் வெளியே நடைபாதையில் மேலும் கீழுமாக நடக்கிறார். சென்ற கிழமை எத்தனை சுற்று என்று கேட்டோம். "பன்னிரண்டு" என்றார். உள்ளே அவ எத்தனை என்று கேட்டதற்குச் சிறிது தயங்கி, "அது நான் இன்னும் கேக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன்" என்றார்.