ஊட்டிக்கு காரில் போறீங்களா? ரேடியேட்டர் மூடியை பார்த்துட்டு கிளம்புங்க!

மேட்டுப்பாளையம்,

கோடை சீசனில் மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைப்பாதையில் பானெட்டை திறந்து போட்டபடி, ஆவி பறக்க ஓரங்கட்டி நிற்கும் கார்களை பார்க்கலாம். வாடகை வண்டி ஓட்டுபவர்களுக்கு அன்றைய பிழைப்பே போய்விடும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல், 2-வது கியரில் ஊர்ந்து ஏறும்போது என்ஜினுக்கு வேலை அதிகம். முன்பக்கம் அடிக்கும் காற்றோ குறைவு. அதனால்தான் ஊருக்குள் ஒழுங்காக ஓடும் வண்டியும் மலையில் மக்கர் பண்ணுகிறது.

வெறும் தண்ணீர் போதாது

காசை மிச்சம் பிடிக்க பலர் கூலண்டுக்கு பதில் வெறும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உயரம் போகப்போக தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். குன்னூர் உயரத்தில் சுமார் 94 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். கூலண்ட் கலந்து, மூடியும் அழுத்தத்தை பிடித்து நிறுத்தினால் 100 டிகிரியை தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் நைந்து போனால் அழுத்தம் நிற்காது. உப்பு தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும்.

மற்ற காரணங்கள்

* ஓஸ் அல்லது வாட்டர் பம்பில் கசிவு

* ரேடியேட்டர் பேன் சுற்றாதது. பியூஸ் போயிருக்கலாம்

* தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் மாட்டிக்கொள்வது

* அளவுக்கு மீறி ஆளும் லக்கேஜும் ஏற்றி, ஏ.சி.யும் போட்டு ஏறுவது

முள் ஏறினால் என்ன செய்வது?

சூடு காட்டும் முள் சிவப்பு கோட்டை நெருங்கினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே ஏ.சி.யை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை ஆப் செய்ய வேண்டும். 'இன்னும் 2 வளைவுதானே' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். அப்புறம் என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

அவசரப்பட்டு மூடியை திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் பீறிட்டு முகம், கை வெந்துவிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தொட்டால் சுடாத பிறகு தடித்த துணி போட்டு மெதுவாக திருக வேண்டும். சூடான என்ஜினில் பச்சை தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

கிளம்பும் முன் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் அளவு, மூடி, ஓஸ், பேன் நாலையும் பார்க்க 5 நிமிடம் போதும்.