காற்று மெத்தை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

பக்கவாதத்தாலோ, தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்ததாலோ, முற்றிய மூப்பாலோ படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குடும்பத்தார் செய்யும் முதல் காரியம், கடன் வாங்கியாவது ஒரு ஏர் பெட் வாங்கிக் கட்டிலில் விரிப்பதுதான். கன்னியாகுமரி மாவட்டம் இராஜாக்கமங்கலம் ஒன்றியத்தின் கடலோர ஊர்களிலும் தோப்பு சூழ்ந்த உட்பகுதிகளிலும் இதுவே வழக்கம். வாங்குவதில் பிழையில்லை, மெத்தை வந்த மறுநாள் முதல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலை நின்றுபோவதுதான் பெரும்பிழை. சில வாரங்களில் இடுப்பின் பின்புறத்தில் எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழுந்த பிறகே, ‘மெத்தை போட்டும் புண் வந்துவிட்டதே’ என்ற புலம்பலோடு மருத்துவரை நாடுகின்றனர்.

படுக்கைப் புண் எனப்படும் அழுத்தப் புண், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் தோலிலும் தசையிலும் இரத்த ஓட்டம் நின்று, அந்தத் திசு இறப்பதால் உண்டாவது. வாலெலும்புப் பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கை, பின்மண்டை ஆகியன இதற்கு எளிதில் இலக்காகும் இடங்கள். விரலால் அழுத்தினால் வெளுக்காமல் சிவந்தே இருக்கும் தோல் முதல் நிலையைக் காட்டும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் புலப்படாது என்பதால், அவ்விடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ இறுகியோ கறுத்தோ இருக்கிறதா என்று நாள்தோறும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோல் உரிவது இரண்டாம் நிலை, கொழுப்புப் படலம் வரை குழிவது மூன்றாம் நிலை, தசையும் எலும்பும் வெளிப்படுவது நான்காம் நிலை. முதல் நிலையில் கண்டுகொண்டால், அழுத்தத்தை விலக்குவதாலேயே புண்ணாகாமல் தடுத்துவிடலாம். நான்காம் நிலையில் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும், உயிருக்கும் ஆபத்து உண்டு. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் முறிந்தவர், பொருளும் ஆளும் கருவிகளும் குறைவின்றி இருந்தும், அழுத்தப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் 2004 அக்டோபரில் இறந்தார்.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. தண்ணீர் மெத்தை உடல் எடையைச் சற்றுப் பரவச் செய்யுமே தவிர அழுத்தத்தை இடம் மாற்றாது. நிரப்பிய பின் நகர்த்த முடியாத எடையும் அதற்கு உண்டு. அடர்ந்த நல்ல நுரை மெத்தைக்கு மின்சாரம் வேண்டாம். மூன்றாவதான காற்று மெத்தையில், சிறு மோட்டார் ஒன்று அறைகளை மாற்றி மாற்றி நிரப்பியும் வடித்தும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தம் விழும் இடத்தை மாற்றுகிறது. கொப்புளம் கொப்புளமாக உள்ள மெல்லிய வகை விலை குறைந்தது, குறுக்கே நீண்ட குழாய்களாக அமைந்த தடித்த வகை கனத்த உடலுக்கும் ஏற்கெனவே புண் உள்ளவர்க்கும் ஏற்றது. ஐக்கிய இராச்சியத்தில் 2029 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, காற்று மெத்தைக்கும் தரமான நுரை மெத்தைக்கும் புண் வராமல் தடுப்பதில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே விலையை வைத்து மயங்க வேண்டியதில்லை. எந்த மெத்தையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தே ஆக வேண்டும். தோலின் நிலையைப் பார்த்து இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் முடிவு செவிலியருடையது, மெத்தைக் கடைக்காரருடையதன்று.

காற்று மெத்தையை வாங்கியோரில் பலர் அதைச் செயலற்றதாக்கியே பயன்படுத்துகின்றனர். மெத்தைமேல் ரெக்சின் விரிப்பு, அதன்மேல் தடித்த போர்வை, அதன்மேல் மடித்த சேலை என்று அடுக்கினால் காற்றறைகளின் அசைவு தோலை எட்டாது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வையும் தேங்கித் தோல் ஊறிப்போகும். ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். மோட்டாரின் திருகை உடல் எடைக்கு ஏற்ப வைத்த பின், வாலெலும்புக்கு நேர்கீழே மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தால், உடலுக்கும் கைக்கும் இடையே ஓர் அங்குலமேனும் காற்று நிற்க வேண்டும். கையில் எலும்பு தட்டுப்பட்டால் அந்த மெத்தை வெறும் பிளாஸ்டிக் விரிப்புதான். மின்தடையில் மோட்டார் நின்றவுடன் காற்று இறங்கத் தொடங்கும் என்பதால், அந்நேரத்தில் திருப்பிவிடும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை இடுப்புக்கு அடியில் வைப்பதும், சிவந்த இடத்தை எண்ணெய் தேய்த்து நீவுவதும், புண்ணில் மஞ்சளோ ஸ்பிரிட்டோ இடுவதும் தீங்கு செய்வன. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் வைப்பதும், நனைந்த டயப்பரை உடனே மாற்றுவதும், மருத்துவர் தடுக்காதவரை முட்டை, மீன், பயறு எனப் புரதம் கொடுப்பதும் மெத்தைக்கு நிகரான காவல்.

பணம் கட்டும் முன் அரசிடம் உரியதைக் கேட்டுப் பெறும் வழி ஒன்றிருக்க, அதைத் தேடுவோர் மிகக் குறைவு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வட்டாரம்தோறும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு உண்டு. மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கத்தின் நகலோடு தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்பதே முதல் வேலை. ‘அழைக்கிறோம்’ என்ற வாய்மொழி விடையோடு திரும்பக் கூடாது. திருப்பிப் படுக்க வைக்கும் முறையையும் புண்ணுக்குக் கட்டுப் போடும் முறையையும் அந்தச் செவிலியரிடமே கற்கலாம்.

விடுவிப்புச் சுருக்கத்தில் ‘தானே புரண்டு படுக்க இயலாதவர், அழுத்தம் குறைக்கும் மெத்தை தேவை’ என்ற வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் அலுவலகம் அலுவலகமாக அலைவோர் பலர். மருத்துவமனையில் இருக்கும்போதே புண் தொடங்கியிருந்தால் அதையும் குறிக்கச் சொல்ல வேண்டும்; மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ மன்ற ஒழுங்குமுறையின் விதி.

அடுத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. பாதிப்பின் விழுக்காட்டை மருத்துவர் மதிப்பிட்டுச் சான்றளித்த பின்னரே அது கிடைக்கும். நிலை மாறக்கூடிய பக்கவாத நோயாளிக்குத் தற்காலிகச் சான்றும் தரப்படுகிறது. அட்டை, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தக நகல், இ-சேவை மையம் வழியே பெற்ற வருமானச் சான்று, மருத்துவரின் பரிந்துரை ஆகியவற்றை இணைத்து, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு மனு எழுத வேண்டும். மனுவில் மெத்தை, சக்கர நாற்காலிக்கான மெத்திருக்கை, மாதப் பராமரிப்பு உதவித்தொகை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்பது நல்லது. தண்டுவடப் பாதிப்புள்ளோர்க்கு அத்தொகை மாதம் 2000 ரூபாய். வருமான வரம்புக்கு உட்பட்டோர்க்கு உதவிக் கருவிகளை விலையின்றி வழங்குவது, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் சேர்த்துள்ள உரிமை. அலுவலரின் மனமிரங்கலுக்கு அதில் இடமில்லை. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் வெளியே வரக் கூடாது. பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எண்ணிட்டு மனு கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுவின் நிலையைக் கேட்டால் 30 நாளுக்குள் விடை தர அலுவலகம் கடமைப்பட்டது. படுத்த படுக்கையானவரை நேரில் கொண்டுவரச் சொல்லும் அலுவலர்களிடம், அந்தக் கோரிக்கையை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். இயலாத உடலை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதே புண்ணை ஆழமாக்கும்.

சொந்தப் பணத்தில் வாங்குவோர் பில் இல்லாமல் வாங்கவே கூடாது. பொட்டலத்தின்மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு எண் இருக்க வேண்டும். மோட்டாருக்கான உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். மெத்தையை ஊதிக் காட்டச் சொல்லிக் கசிவைப் பார்த்தே எடுக்க வேண்டும். பில் தர மறுப்பதும், பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். தொலைவிலுள்ள நிறுவனத்திடம் இணையத்தில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, காலக்கெடு 2 ஆண்டு. பழுதான மோட்டாரையும் பில்லையும் தூக்கி எறிந்துவிட்டு வருவோர்க்கு ஆணையத்தாலும் உதவ முடியாது.

தண்டுவடம் முறிந்த இளைஞர்களின் குடும்பத்தார், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்தின் மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றியும் கேட்டறிவது நலம். எங்கு சென்றாலும், எந்த மெத்தையில் கிடத்தினாலும், திருப்பிப் படுக்க வைத்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். குளிப்பாட்டும்போது வாலெலும்பையும் குதிகாலையும் ஒவ்வொரு நாளும் பாருங்கள். சிவப்பு மாறாவிட்டால் அன்றே செவிலியரை அழையுங்கள்.